குத்தூசி பட்ட வண்டி

சோலைராஜ் எந்த மூட்டையையும் மேலே பார்க்க மாட்டார்.

கோவில்பட்டியில் உளுந்தும் பாசிப்பயறும் மிளகாய் வத்தலும் வாங்குகிற கமிஷன் கடை ஒன்றில் சரக்குப் பார்ப்பது அவர் வேலை. விவசாயி மூட்டையின் வாயைப் பிரித்து, "பாருங்க அண்ணாச்சி, முத்து முத்தா இருக்கு" என்று கை நிறைய அள்ளி நீட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இடுப்பில் செருகியிருக்கும் குத்தூசியை உருவுவார். ஒரு சாண் நீள இரும்பு. நுனி கூர்மையாக இருக்கும், நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் ஓடும். மூட்டையின் அடிவயிற்றில், விவசாயி நினைத்தே பார்க்காத இடத்தில், அதைச் சரக்கென்று இறக்குவார். பள்ளத்தின் வழியாக உள்ளங்கையில் விழும் பயறைப் பார்ப்பார், முகர்வார், ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். அப்புறம்தான் வாயைத் திறந்து விலை சொல்வார்.

மேலே நல்ல உளுந்தும் நடுவில் வண்டு விழுந்த உளுந்தும், மேலே காய்ந்த வத்தலும் அடியில் தண்ணீர் தெளித்த வத்தலுமாக அவர் பார்த்த மூட்டைகள் எத்தனையோ. பார்த்துப் பார்த்து, உலகமே வாய் கட்டிய மூட்டையாகத்தான் அவருக்குத் தெரிந்தது. டீக்கடையில் பால் கெட்டியாக இருந்தால், "இன்னிக்கு என்னத்தக் கலந்தான்?" என்பார். கண்டக்டர் சரியான சில்லறை கொடுத்தால் நோட்டை வெயிலில் தூக்கிப் பார்ப்பார். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே கொல்லப்பக்கம் போயி எங்க தண்ணித் தொட்டிய எட்டிப் பாத்த ஆளு இவிய" என்று அவர் மனைவி வள்ளித்தாய் தீப்பெட்டி ஆபீஸில் உடன் வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. அதனால்தான் அன்று அவருக்கு இன்னும் சந்தேகம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

சரக்குக் குத்துவதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குத்தியவன் விலை சொல்லாமல் போகக்கூடாது. போனால், அடுத்த கடைக்காரன் சாக்கில் இருக்கும் துளையைப் பார்ப்பான். "சோலை குத்திப் பாத்துட்டு விட்டுட்டானா?" என்பான். அந்த மூட்டையை அதற்குப் பிறகு யாரும் சீண்ட மாட்டார்கள். அதனால் எவ்வளவு மட்டமான சரக்கானாலும் குத்திவிட்டால் ஒரு விலை சொல்லிவிடுவார். அவர் சொன்ன விலையை ஒட்டித்தான் மற்ற கடைகளிலும் பேச்சு நடக்கும். சோலைராஜை ஏமாற்ற முடியாது என்று ஊர் நம்பியது. நிலபுலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத அவருக்கு அந்தப் பேர்தான் சொத்து.

அப்படிப்பட்டவர் ஒரு பெரிய வண்டி வாங்கப் புறப்பட்டார்.

வண்டி ஓட்டப் பழகியதும் அதற்குப் பிறகு இத்தனை காலம் ஓட்டியதும் ஒரே நூறு சிசி பைக்கைத்தான். பின்னால் சாம்பிள் சாக்கு, முன்னால் பை, நடுவில் அவர். காலை ஊன்றினால் நிற்கும், தொடையால் நெருக்கினால் திரும்பும், ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு வண்டி. அதன் மேல் அவருக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. போன ஆடியில் மனைவியோடு திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போதுதான் மனம் மாறியது. கயத்தாறு தாண்டி, காற்றாலைகள் நிற்கிற வெட்டவெளியில், நாற்கரச் சாலையில் ஒரு லாரி அவர்களைக் கடந்தது. லாரி மறைத்திருந்த காற்று மொத்தமும் அது கடந்த கையோடு பக்கவாட்டில் வந்து அடித்தது. வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சரளையில் படுத்துவிட்டது. பெரிய காயம் இல்லை. வள்ளித்தாய்க்கு முழங்கை சிராய்த்தது, பட்டுச்சேலை கிழிந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அவள் சொன்னாள்: "இனிமே நான் பஸ்ல வாரேன். நீங்க இந்தத் தட்டான்பூச்சில வாங்க."

சொன்னபடியே ஒரு வருஷமாகப் பஸ்ஸில்தான் போய்வந்தாள்.

காற்றுக்கு அசையாத கனமான வண்டி வேண்டும் என்று சோலைராஜ் முடிவு செய்தார். முடிவு செய்த அன்றே கடைத்தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. கடையில் எடை போடும் காமராஜுக்கு அதைவிடச் சந்தோஷமான செய்தி அந்த வருஷம் கிடைக்கவில்லை.

"என்னவே சோலை, வண்டியில எங்கன குத்துவீரு? டயர்லயா, டேங்க்லயா?"

"எங்க குத்தணும்னு எனக்குத் தெரியும். நீரு தராச ஒழுங்காப் பிடியும்."

"நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்வே. உம்மள ஒருத்தன் ஏமாத்திட்டாம்னு வையும், அன்னிக்கு எல்லாருக்கும் என் செலவுல கடலைமிட்டாய்."

சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் சுற்றி நின்ற விவசாயிகளின் முகத்தில் ஓர் ஆசை ஓடியதைச் சோலைராஜ் பார்த்தார். அவரிடம் விலை குறைபட்டவர்கள் அவர்கள். ஒரு வண்டியில் ஏமாந்தால் நாளை மூட்டைக்கு அவர் சொல்லும் விலையை எவன் ஒத்துக்கொள்வான்? "உமக்கு வண்டியே பாக்கத் தெரியல, உளுந்தப் பாக்க வந்துட்டீரு" என்று கேட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது.

முதலில் புது வண்டி விற்கும் கடைக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் ஏசி, சோபா, ஒரு தட்டில் ஜூஸ். கேட்காமல் ஜூஸ் கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்று யோசித்தவர், குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். அடுத்து செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. பட்டாளத்துக்காரர் ஒருவர் வெளியூர் மாற்றலாகிப் போவதால் பாதி விலைக்குத் தருகிறாராம், முன்பணம் மட்டும் அனுப்பினால் போதுமாம். அதைப் பார்த்துச் சோலைராஜ் அந்த மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசியாகத்தான் இளையரசனேந்தல் ரோட்டில் இருக்கும் பாரூக்கின் பழைய வண்டிக் கடைக்கு வந்தார். விட்டால் ஏதாவது தப்பிவிடும் என்று காமராஜும் கூடவே தொற்றிக்கொண்டு வந்தான்.

பாரூக் அதிகம் பேசாத மனிதர். ஜூஸ் கொடுக்கவில்லை. "அந்தா நிக்கி. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்கூட்டியின் நட்டை முறுக்கப் போய்விட்டார். முந்நூற்றைம்பது சிசி, கறுப்பு நிறம். மழை பெய்து முடிந்த கரிசல் காட்டில் வெயில் பட்ட மாதிரி ஒரு மினுமினுப்பு. சோலைராஜுக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். உடனே அந்தத் துள்ளலையும் சந்தேகப்பட்டார்.

நம்பர் பலகையைப் பார்த்தார். டி.என். அறுபத்தொன்பது. தூத்துக்குடி வண்டி.

"தூத்துக்குடியா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. ஒரே ஓனர். துறைமுகத்துல வேலை பாத்தவிய. சென்னைக்குப் போயிட்டாவ."

சோலைராஜ் உட்கார்ந்துவிட்டார். தூத்துக்குடி. அந்த மார்கழி வெள்ளம். நாள்கணக்கில் தெருத் தெருவாகத் தண்ணீர் நின்றது, வண்டிகள் கைப்பிடி வரைக்கும் மூழ்கிக் கிடந்த படங்களை ஊரே பார்த்தது. அந்த வண்டிகளெல்லாம் பிறகு எங்கே போயின? எவனாவது கழுவித் துடைத்து, காய வைத்து, பெயின்ட் அடித்து, மூட்டையின் வாயில் நல்ல உளுந்தைப் பரப்பி வைத்திருக்க மாட்டானா?

தரையில் படுத்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தார். சைலன்சருக்குள் விரலை விட்டார். விளக்கைத் தட்டி, கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு இருக்கிறதா என்று தேடினார். ஸ்பீடோமீட்டரைத் தேய்த்தார். மட்கார்டுக்கு உள்பக்கம் நகத்தால் சுரண்டி, வந்த அழுக்கை முகர்ந்தார். சாதாரண அழுக்குதான்.

"என்னவே, கடல் வாசம் அடிக்கா?" என்றான் காமராஜ். எதிர்ப்பக்க டீக்கடையில் இருந்து நாலு பேர் தம்ளரோடு இறங்கி வந்து நின்றார்கள்.

எதுவும் அகப்படவில்லை. அகப்படாதது அவரை மேலும் கலக்கியது. அப்போதுதான் சீட்டைப் பார்த்தார். வண்டி பழசு, சீட் உறை மட்டும் புதுசு. தையல்கூட இன்னும் வெள்ளையாக இருந்தது.

"இத மட்டும் எதுக்கு மாத்தியிருக்கீரு பாய்?"

"பூனை கீறிட்டு அண்ணாச்சி. கடையில எலித் தொல்லைன்னு ஒரு பூனை வளக்கேன். அது எலியப் பிடிக்காம சீட்டப் பிடிச்சிட்டு."

பூனையாம்! சோலைராஜின் காதில் அந்தச் சொல் விழுந்தது, ஆனால் கை அதற்கு முன்பே போய்விட்டது. இத்தனை வருஷப் பழக்கம் யோசிக்கவா விடும்? இடுப்பிலிருந்து குத்தூசி வந்தது. சீட்டின் பக்கவாட்டில், அடிவயிற்றில், சரக்கென்று இறங்கியது.

டீக்கடை ஆட்கள் "ஏய்!" என்றார்கள். பாரூக் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

சோலைராஜ் ஊசியை உருவினார். பள்ளத்தில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உள்ளங்கையில் தட்டினார். பார்த்தார். முகர்ந்தார். யாரும் தடுப்பதற்குள் ஒரு துணுக்கை வாயில் போட்டுக் கடித்தும் பார்த்துவிட்டார்.

ஈரம் இல்லை. சேற்று வாடை இல்லை. உப்பு இல்லை. மாசியில் அடித்துத் தூற்றிய உளுந்து மாதிரிக் காய்ந்து கிடந்தது.

பாரூக் மெதுவாக வந்து புதுச் சீட்டில் விழுந்திருந்த துளையை விரலால் தடவினார். கோபப்படவில்லை.

"அண்ணாச்சி, எங்க மாமனாரு வத்தல் வியாபாரம். குத்துன சரக்குக்கு விலை சொல்லாம போகக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். இவிய எல்லாம் பாத்துக்கிட்டு நிக்காவ. நீங்க குத்திட்டுப் போன வண்டிய இனிமே கோவில்பட்டியில எவன் வாங்குவான்?"

காமராஜ் சிரிப்பை அடக்க மேலே வானத்தைப் பார்த்தான்.

சோலைராஜ் சிக்கிக்கொண்டார். ஊசி நல்ல சரக்கு என்கிறது. மனமோ இல்லை என்கிறது. ஊசியை நம்பினால் வண்டியை எடுக்க வேண்டும். எடுக்காமல் போனால் தன் ஊசியைத் தானே நம்பாதவன் ஆவார். காமராஜ் அதைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோவான். ஒருவேளை இந்தப் பாய் இதற்காகவே புது உறை மாட்டி, குத்தட்டும் என்று காத்திருந்தாரோ? அந்த எண்ணம் வந்ததும் பாரூக்கின் முகத்தை உற்றுப் பார்த்தார். சாக்கின் வெளிப்பக்கம் மாதிரி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஓட்டிப் பாக்கேன்" என்றார், கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று.

ஏறி உட்கார்ந்ததும் கனம் தெரிந்தது. கிளட்ச் கையோடு மல்லுக்கு நின்றது. கேட்டைத் தாண்டித் திரும்பும்போது பழைய வண்டி ஞாபகத்தில் வேகத்தைக் குறைத்து, தொடையால் நெருக்கி, காலை ஊன்றினார். இது ஆட்டுக்குட்டி இல்லை, காளை. ஊன்றிய காலின் மேலேயே சாய்ந்தது. பல்லைக் கடித்துத் தூக்கி நிறுத்துவதற்குள் முதுகு வேர்த்துவிட்டது. ஊர் எல்லை தாண்டி, இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடந்த வெட்டவெளிக்கு வந்தார். ஆடிக் காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் அடித்தது. தோள் தானாக இறுகியது.

வண்டி அசையவில்லை. கோடு போட்ட மாதிரிப் போனது. சட்டை படபடத்தது, கண்ணில் மண் விழுந்தது, சக்கரம் மட்டும் தன் பாட்டுக்கு உருண்டது. குனிந்து உட்காரும்போதெல்லாம் இடுப்பில் குத்தூசி வயிற்றை உறுத்தியது. அந்த ஒன்றைத் தவிர அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவ்வளவு பிடித்துப்போகிறதே, இதில் என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

இறங்கியதும் நல்ல சரக்குக்குச் சொல்கிற மாதிரி விலை சொன்னார். பாரூக் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி அண்ணாச்சி, உங்க வாய்க்குச் சரி" என்றார்.

உடனே சரி என்றுவிட்டாரே! குறைத்துக் கேட்டிருக்கலாமோ? விற்றபோது பழைய ஓனர் தன் சம்சாரத்திடம் சொல்லிச் சிரித்திருப்பாரோ? பணம் கொடுக்கும்போது, காகிதங்களில் கையெழுத்துப் போடும்போது, வண்டிச் சாவியை வாங்கும்போது, ஒவ்வொரு தடவையும் சோலைராஜ் பாரூக்கின் கண்ணையே பார்த்தார். டூல் பாக்ஸைத் திறந்து ஆர்.சி. புத்தகம், துடைக்கிற துணி, கையில் இருந்தது, மடியில் இருந்தது எல்லாவற்றையும் உள்ளே தள்ளிப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வழியில் முதல் வேகத்தடையில் அது கேட்டது.

டிங்.

நிறுத்தினார். சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி கிளம்பினார். பள்ளத்தில் இறங்கியதும் டிங், டிங். நல்ல ரோட்டில் சத்தமே இல்லை. எஞ்சினுக்குள் ஏதோ கழன்று கிடக்கிறது என்று தீர்மானித்தார். சத்தம் வராமல் இருக்க ஒட்டுப் போட்டு விற்றிருக்கிறான், ஒட்டு விட்டுப் போச்சு. மனசு சொன்னதைக் கேட்காமல் ஊசி சொன்னதைக் கேட்டதற்கு இது வேணும்.

மறுநாள் காலை வள்ளித்தாய் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். டயரை ஒருமுறை உதைத்தாள். "காத்துக்கு நிக்குமா?"

"நிக்கும். நேத்து ஓட்டிப் பாத்தேன்."

ஒரு வருஷம் கழித்து அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அலுங்காமல் போனதில் அவள் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதைச் சோலைராஜ் தோளில் உணர்ந்தார். தீப்பெட்டி ஆபீஸுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை வந்தது.

டிங், டிங், டிங்.

"ஏங்க, என்னது உள்ள கிடந்து அடிக்குது?"

"அது... புது வண்டில்லா. அப்படித்தான்."

"இது எங்கன புது வண்டி? பழசத்தான வாங்குனீங்க?" அவள் இறங்கிக்கொண்டாள். ஆபீஸ் வாசலில் நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாயங்காலம் நான் பஸ்லயே வந்துக்கிடுதேன்" என்றாள் தாழ்ந்த குரலில். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. ஊரே நம்புகிற மனிதர் ஏமாந்துவிட்டாரே என்ற வருத்தம்தான் இருந்தது.

கடைத்தெருவில் வண்டி நுழைந்தபோது கூட்டம் கூடியிருந்தது. கல் பாவிய அந்தத் தெருவில் மேடும் பள்ளமும்தான் மிச்சம். டிங், டிங், டிங், டிங் என்று கோயில் மணி அடிக்கிற மாதிரி சத்தம் தெரு முனையிலிருந்து கடை வாசல் வரை கூடவே வந்தது.

காமராஜ் தராசை விட்டு இறங்கி வந்து காதில் கை வைத்தான். "ஏலே, கேட்டீங்களா? மணி அடிச்சிட்டு! எஞ்சின்ல பல்லு போச்சு. பாய் நம்ம ஆளு தலையிலயே கட்டிட்டாருல்லா!"

"வெள்ளத்துல முங்குன வண்டியா இருக்கும்" என்றார் ஒருவர்.

"அந்தப் பாய் கடப்பக்கமே இனிமே போகக்கூடாதுப்பா. சோலையவே ஏமாத்திட்டாருன்னா நம்மள என்ன செய்ய மாட்டாரு?"

"ஒன் மாப்ள அங்கன ஒரு வண்டி பாத்து வச்சிருக்காம்லா? போன் போட்டு வேண்டாம்னு சொல்லு."

சோலைராஜ் வண்டியை நிறுத்தினார். வாசலில் நாகலாபுரம் பக்கத்திலிருந்து வந்த தங்கசாமி என்ற விவசாயி ஒற்றை மூட்டைப் பாசிப்பயறோடு உட்கார்ந்திருந்தார். வேலையைப் பார்ப்போம் என்று சோலைராஜ் அவர் மூட்டையின் பக்கம் போய், பழக்கத்தில் இடுப்பில் கையை வைத்தார்.

இடுப்பில் ஒன்றும் இல்லை.

மடியையும் தடவிப் பார்த்தார். நேற்று வயிற்றை உறுத்தியது ஞாபகம் வந்தது. பணம் எடுக்க மடியை அவிழ்த்தது ஞாபகம் வந்தது. டூல் பாக்ஸ் ஞாபகம் வந்தது.

யாருக்கும் தெரியாது. இப்போது அமைதியாக இருந்து, கூட்டம் கலைந்த பிறகு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டால் முடிந்தது. 'பாய்கிட்டப் பேசிச் சரிபண்ணிட்டேன்' என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். பேர் தப்பிவிடும். பக்கத்தில் ஒருவன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்து, "அந்தப் பாய் கடை வண்டி வேண்டாம்டா மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குத்திவிட்டு விலை சொல்லாமல் போனால் மூட்டை என்ன ஆகும் என்று சோலைராஜுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வண்டிக்குத் திரும்பி நடந்தார். சாவியைப் போட்டு டூல் பாக்ஸைத் திறந்தார். துணிக்கு அடியில் கையை விட்டு, அகப்பட்டதை இரும்புத் தகட்டில் ஒருமுறை தட்டினார். டிங். குத்தூசியை எடுத்து எல்லாரும் பார்க்கிற மாதிரி தலைக்கு மேல் தூக்கினார்.

"வண்டி நல்ல வண்டிதான். அடிச்சது இது. நாந்தான் உள்ள போட்டேன்."

 காமராஜ் தொடங்கிவைத்த சிரிப்பு எதிர்க்கடை, டீக்கடை, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரி வரைக்கும் ஓடியது. "தன் குத்தூசி சத்தம் தனக்கே தெரியலையாம்!" என்று ஒருவன் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். போனில் பேசியவன், "ஏலே, இருலே, வண்டி நல்லாத்தான் இருக்காம்" என்று கத்தினான்.

சோலைராஜ் முகம் கறுத்து நின்றார். சிரிப்பு அடங்கட்டும் என்று பார்த்தால் அடங்குவதாக இல்லை. அப்படியே தங்கசாமியின் மூட்டைக்கு முன்னால் வந்து குந்தினார்.

தங்கசாமியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பினூடே மூட்டையின் வாயைப் பிரித்து, ஒரு கை பயறை அள்ளி நீட்டினார். "அண்ணாச்சி, இன்னிக்காவது மேல ஒருக்க பாருங்களேன்."

சோலைராஜ் அந்தக் கையைப் பார்த்தார். வெடித்த விரல்கள், நகத்துக்குள் கரிசல் மண், நடுவில் பச்சைப் பசேலென்று பயறு. கொஞ்ச நேரம் பார்த்தார்.

பார்த்துவிட்டுத்தான் குத்தினார்.